தப்பாக அளந்த ஜன்னல்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் கண்டுபிடித்தது இல்லை. என் எழுத்து மேஜைக்கு எதிரே ஏணி போட்டு, வாயில் கவ்வியிருந்த இரண்டு திருகாணிகளை எடுத்துவிட்டு ஒரு பெண்மணி சொன்னது. ஜன்னல்களுக்கு பிளைண்ட்ஸ் என்கிற பட்டைத் திரை மாட்டுவது அவர் தொழில். மதிய வெயில் மேஜையில் விழுந்து என் எழுத்தைக் கெடுக்கிறது என்று அவரை வரவழைத்திருந்தேன். (என் எழுத்தைக் கெடுப்பது வெயில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வெயிலுக்குத்தான் பிளைண்ட்ஸ் மாட்ட முடியும்.)

ஏணியில் ஏறுவதற்கு முன்பே கேட்டார்.

“வீட்ல சின்னக் குழந்தை உண்டா சார்?”

“இல்லீங்க. நான் மட்டும்தான்.”

“வந்து போற குழந்தை?”

“தங்கச்சி பொண்ணு மாசத்துக்கு ஒருதரம் வருவா. ரெண்டு வயசு.”

“அப்ப குழந்தை இருக்கற வீடுதான். கயிறு இல்லாத மாடல்தான் மாட்டுவேன்.”

“கயிறு இருந்தா என்னங்க ஆகிடும்?”

அவர் வாயிலிருந்து திருகாணிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஏணியின் மூன்றாம் படியில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் பேசினார். இறங்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்.

“நீங்க கதை எழுதுறவராமே? இதை எழுதுங்க. ஆனா அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நிஜத்துலயும் ஆகல. நீங்களா எதையாவது ஆக்கி வெச்சிடாதீங்க.”

ஆக, முதல் பக்கத்திலேயே முடிவைப் போட்டு உடைத்தாயிற்று. குழந்தை நலம். நீங்கள் காலை நீட்டி உட்காரலாம். எனக்குத்தான் இனி நிம்மதி கிடையாது. ஒன்றும் ஆகாத ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கம் ஓட்ட வேண்டும்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘ஜன்னல் வழியே மதிய வெயில் சாய்வாக விழுந்தது.’ — வேண்டாம். இதுவரை நான் எழுதியவற்றில் பதினொரு கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. அந்த வெயிலுக்கே அலுத்துப்போயிருக்கும்.

‘சுவரில் ஒரு கயிற்றின் நிழல் அசைந்தது. காற்று இல்லை. ஆனாலும்’ — இதுவும் வேண்டாம். இது பேய்க்கதைக்குப் போகிற பாதை. திரைக்காரம்மா படித்தால் ஏணியோடு திரும்பி வருவார். (அவருக்கு இந்தப் பெயர்தான் இனி. நான் வைத்தது. அவருக்கு இன்னும் தெரியாது.)

‘அவனுடைய கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.’

இது இருக்கட்டும்.

3

அவனுடைய கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கண்ணாடிச் சாமான்களையும் பீங்கான்களையும் பெட்டியில் அடைத்து அனுப்பும் கிடங்கு ஒன்றில் அவனுக்குப் பொதி கட்டும் வேலை. பெட்டிக்கு நாடா ஒட்ட இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் உடையும் சாமானுக்கு மட்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு கட்ட வேண்டும். அதற்கு மனிதக் கைதான். கட்டிய பெட்டிகள் ஓடும் பட்டையில் ஏறிப் போகும். எந்தப் பெட்டியிலாவது கயிற்று நுனி தொங்கினால் பட்டையின் உருளை அதைக் கவ்வி, பெட்டியை இழுத்துக் கவிழ்த்துவிடும். ஒருமுறை நாற்பத்தெட்டு தேநீர்க் கோப்பைகள் போயின. அன்றிலிருந்து அந்தப் பிரிவில் ஒரே சட்டம்தான். நுனி தொங்கக் கூடாது. இரண்டு நுனி கண்ணில் பட்டால் கட்டு.

பத்து வருடமாகக் கட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவான், அரட்டை அடித்துக்கொண்டு கட்டுவான். அவன் முடிச்சு சின்னதாக, தட்டையாக, மேலே தடவினால்கூட விரலில் தட்டாதபடி இருக்கும். கூட வேலை செய்பவர்கள் அவனை ‘முடிச்சு’ என்றே கூப்பிட்டார்கள். ‘முடிச்சு, டீ வந்துடுச்சு.’ ‘முடிச்சு, மேனேஜர் உன்னைத்தான் தேடறாரு, ஓடிடு.’

வேலையில் பழகிய கை வீட்டுக்கு வந்தால் வேலையை மறந்துவிடுமா? மறக்காது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பை நாடாக்களைக் கட்டி வைத்து, அவர் இறங்கும்போது திண்டாட வைத்திருக்கிறான். மனைவி சமையல் செய்யும்போது பேசிக்கொண்டே அவளுடைய மேலங்கி நாடாவை நாற்காலிக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். அவள் அடுப்பை நோக்கி நகர, நாற்காலியும் கூடவே நகர்ந்தது.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா கத்தரிக்கோலோட வந்திருப்பேன்ல,” என்றாள்.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு வயதில் ஒரு வாண்டு இருந்தாள். அவளுடைய சட்டை நாடாக்களை மட்டும் அவன் கட்டினால் அவிழவே அவிழாது.

4

மனைவிக்கு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் வேலை. வாண்டுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. செல்போனில் சார்ஜ் இல்லை. போக்கிடமில்லாத கண், சுவரில் ஒரே குண்டூசியில் சாய்ந்து தொங்கிய காகிதத்தில் போய் நின்றது. ஜன்னல் பிளைண்ட்ஸின் கயிறு, வளையமாகத் தொங்கினால், சின்னக் குழந்தையின் கழுத்தை என்ன செய்யும் என்று அதில் நான்கே வரிகள். அவள் இரண்டுமுறை படித்தாள். வீடு வந்ததும் முதல் வேலையாகத் திரைக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

அது வாடகை வீடு, தரைத்தளம். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பழைய பிளைண்ட்ஸ். மரப்பட்டைகளும் ஒரு பக்கம் இரண்டு கயிறுகளும். கயிற்றை இழுத்தால் பட்டைகள் மேலே ஏறும், கயிறு அதே அளவுக்குக் கீழே நீளும். இரண்டு கயிறும் அடியில் ஒரே குமிழில் போய்ச் சேர்ந்தன. வாண்டின் தாழ்வான கட்டில் அதற்கு நேர் கீழே.

“பாரும்மா,” என்று திரைக்காரம்மா கயிறுகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டுக் காட்டினார். “என் கையே போகுது. பாப்பா தலை போகாதா?”

“நாங்க பக்கத்துலயேதான் இருப்போம்க்கா. அழுதா உடனே ஓடி வந்துடுவோம்,” என்றான் அவன்.

“அழ முடியாது தம்பி. அதான் விஷயமே. கழுத்துல இறுகிட்டா சத்தமே வராது. நீங்க அடுப்படியில ‘பரவால்லையே, சமத்தா தூங்குது’ன்னு நெனச்சிட்டிருப்பீங்க.”



திரைக்காரம்மா அந்தப் பொதுக்குமிழை வெட்டி எறிந்தார். கயிறுகளைக் குட்டையாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக்குமிழ் போட்டார். எட்டாத உயரத்தில், கயிற்றைச் சுற்றி வைக்க ஒரு கொக்கி அடித்தார். கட்டிலையும் பொம்மைப் பெட்டியையும் எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னார். கயிறே இல்லாத புதுசு செய்து வர மூன்று வாரம் ஆகும் என்று ஜன்னலை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

“அதுவரைக்கும் இது தற்காலிகம்தான். தினம் கயிறைக் கொக்கியில சுத்தணும். தம்பி, எதையும் எதோடயும் சேத்துக் கட்டிடாதீங்க.”

“சேச்சே, கட்டுவேனாக்கா!” என்றான். மனதார, பொய்யே கலக்காமல் சொன்னான்.

5

வாசகர்களே, இந்த இடத்தில் என் வேலை ரொம்பச் சுலபம். நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

தினமும் காலையில் அவன் வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளைண்ட்ஸை ஏற்றுவான். ‘வெளிச்சம் வந்தாச்சா? வந்தாச்சா?’ என்று அவளோடு பேசுவான். கண் அவள் முகத்தில். கீழே இரண்டு நுனிகள். மீதியை அவன் கை பார்த்துக்கொண்டது. கட்டி, கொக்கியிலும் சுற்றியது. கொக்கியில் சுற்றச் சொன்னதை அவன் மீறவில்லை அல்லவா? ஆனால் சேர்த்துக் கட்டிய கயிறு கொக்கியில் நிற்காது. மதியத்துக்குள் வழுக்கி இறங்கி, வளையமாகத் தொங்கும். சாயங்காலம் வாண்டைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு, விளக்குப் போட்ட பிறகு வருகிற இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

‘ஒன்பதாம் நாள் மதியம் தூக்கம் கலைந்து எழுந்த குழந்தை, பொம்மைப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து, அதன்மேல் ஏறி, கையை’

[இந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி கிடையாது. இப்படியே விட்டுவிடுகிறேன். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இதை எழுதும்போது என் கை வேகமாக ஓடியது. இரண்டு மாதமாக ஒரு வாக்கியம்கூட நகராத கை! ‘ஏறி’ என்ற சொல்லில் அதற்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த மனிதன்மேல் இருந்த கோபம் போயிற்று. பழகிய கை என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்துவிட்டேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.]

குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறாள். எதிர்ச் சுவர் ஓரக் கட்டிலில், வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கால் போர்வைக்கு வெளியே.

6

ஒன்பதாம் நாள் காலை, பட்டறையில் பட்டை வெட்டுகிறவர் திரைக்காரம்மாவின் நோட்டை நீட்டிக் கேட்டார்.

“அக்கா, இது ஜன்னலா, கேரம்போர்டா?”

நோட்டில் அகலம் எழுத வேண்டிய இடத்தில் அகலம் இருந்தது. உயரம் எழுத வேண்டிய இடத்திலும் அதே அகலம் இருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் முதல்முறையாக அவர் ஒரு ஜன்னலைச் சதுரமாக்கியிருந்தார். தன்னையே திட்டிக்கொண்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவனுக்கு அன்று விடுமுறை. மனைவி பல் மருத்துவரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். “பாப்பா தூங்கறா, மெதுவா வாங்கக்கா,” என்று மனைவி அவரை உள்ளே கூட்டிப்போனாள்.

திரைக்காரம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யார் இதைக் கட்டினது?”

ஜன்னலில் இரண்டு கயிறும் ஒன்றாகி, வளையமாக, ஒரு குழந்தை கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கியது.

“நான் தொடலக்கா,” என்றாள் மனைவி. திரும்பினாள். “என்னங்க?”

“நான் எதுக்குக் கட்டப் போறேன்? அக்கா அவ்வளவு சொன்ன பிறகு?”

“அப்ப யாரு? பேயா வந்து கட்டிச்சு?”

“எனக்கென்ன தெரியும்? தானா சுத்திக்கிச்சோ என்னவோ.”

திரைக்காரம்மா அந்த முடிச்சைத் தடவினார். விரலில் தட்டவில்லை. “தானா சுத்திக்கிட்டது இவ்வளவு அழகா இருக்காது தம்பி,” என்று திருப்புளி முனையால் நெம்பி நெம்பி அவிழ்க்கத் தொடங்கினார். இரண்டு நிமிடம் பிடித்தது. நுனிகள் தனித்தனியாக விழுந்தன.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜன்னலுக்கு அருகே வந்து, மனைவியைப் பார்த்துக்கொண்டு பேசினான். “இங்க பாரும்மா, என் பொண்ணு விஷயத்துல நான் விளையாடுவேனா? அக்கா என்கிட்ட நேராவே சொன்னாங்க, கட்டாதீங்கன்னு. நான் சரின்னேன். சொன்னா சொன்னதுதான். உனக்கே என்னைப் பத்தித் தெரியும். நான் அந்தக் கயித்தைத் தொட்டதே—”

மனைவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்காரம்மாவும் கீழே பார்த்தார்.

அவனும் பார்த்தான்.

அவன் கைகள் கட்டி முடித்திருந்தன. வலது கட்டைவிரல், வழக்கம்போல, முடிச்சை ஒருமுறை தடவித் தட்டையாக்கிக்கொண்டிருந்தது.

 கட்டிலில் குழந்தை புரண்டு படுத்தாள். அவன் கைகளை மெதுவாக விலக்கி, யாரோ ஒருவருடைய கைகள்போல அவற்றைத் தூக்கிப் பார்த்தான். பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“எத்தன நாளா?” என்றான். அவனைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கணக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். (நான் எழுதிவைத்திருந்த வசனம் முக்கால் பக்கம். நல்ல வசனம்.) அவள் திட்டவில்லை. தூங்குகிற குழந்தையைப் போர்வையோடு வாரி எடுத்து வந்து, அவன் மடியில் வைத்தாள்.

“பிடிச்சுக்கோங்க,” என்றாள். “கை சும்மா இருக்கக் கூடாதுல்ல.”

திரைக்காரம்மா ஏணி கேட்டார். ஏணி இல்லை, நாற்காலி வந்தது. பத்து நிமிடத்தில் பழைய பிளைண்ட்ஸ் முழுவதையும், கயிறு, கொக்கி எல்லாவற்றையும் சேர்த்துச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே இறக்கினார்.

“மூணு வாரம் வெயில் அடிச்சா அடிக்கட்டும்.”

“நான் காகிதம் ஒட்டிடறேன்க்கா,” என்றான் அவன் தரையிலிருந்து. “பொதி சுத்தற பழுப்புக் காகிதம். நாடா போட்டு ஒட்டிடறேன். கயிறே வேண்டாம்.”

7

இதுவரை எழுதியதைத் திரைக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் பிளைண்ட்ஸில் ஒரு பட்டை இறுகிவிட்டது என்று பொய் சொல்லி வரவழைத்தேன்.

“திரைக்காரம்மாவா?” என்றார்.

“பெயர் வேண்டாமேன்னு...”

“சரி விடுங்க, எங்க வீட்ல கூப்பிடறதுக்கு இது எவ்வளவோ மேல்.” காகிதங்களைத் திருப்பினார். “என்னை ரொம்பப் பெரிய ஆளா ஆக்கிட்டீங்க. வாசல்லயே நின்னுட்டேன், அது இதுன்னு. நான் முதல்ல ஜன்னலை அளந்தேன் சார். அளந்து முடிச்ச பிறகுதான் முடிச்சைப் பாத்தேன். எந்த வேலைக்கு வந்தேனோ அதுதானே கண்ணுக்குத் தெரியும்?”

மாற்றட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், இது நல்லாத்தான் இருக்கு,” என்றார். ஆக அது அப்படியே இருக்கிறது. உண்மை இங்கே இருக்கிறது.

“ஆனா கதைன்னா கடைசில எல்லா நுனியையும் சேத்துக் கட்டணுமேம்மா,” என்றேன். “இதுல எனக்கு முடிவு வரமாட்டேங்குது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவ்வளவும் எழுதிட்டு, கட்டணும்ங்கறீங்களே சார்!”

கிளம்பும்போதுதான் அதைக் கேட்டேன். அன்று சரியாக அளந்திருந்தால்?

“மூணு வாரம் கழிச்சுத்தான் போயிருப்பேன்.” பையின் பட்டையைத் தோளில் சரிசெய்தார். “அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிச்சு வெச்சிருக்கேன். என்னால அதைத் தூக்கிப் போட முடியல. இத்தன வருஷமா எத்தனையோ ஜன்னல் சரியா அளந்திருக்கேன், ஒண்ணுகூட ஞாபகம் இல்ல.”

அவர் போன பிறகு மறுபடி மேஜைக்கு வந்தேன். நன்றி என்ற ஒன்றை எழுத்தில் கொண்டுவருவது எனக்கு எப்போதும் தகராறு. யாருக்கு என்று தெரிந்தால் கடிதம் எழுதிவிடலாம். இங்கே யாருக்கு? நான்கு வரிக் காகிதத்தை ஒற்றைக் குண்டூசியில் குத்திவைத்துவிட்டு அடுத்த குழந்தையைக் கவனிக்கப் போன நர்ஸுக்கா? சரியான நேரத்தில் செத்துப்போன செல்போன் பேட்டரிக்கா? கேரம்போர்டு என்று கிண்டல் செய்த பட்டறைக்காரருக்கா? ஒரு பெண் களைத்துப்போய் ஒரு எண்ணை இரண்டுமுறை எழுதினாளே, அந்தக் களைப்புக்கா? எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் இந்தப் பத்தியில் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன். எங்கோ யாரோ வேலையை ஒழுங்காகச் செய்ததாலும், ஒருவர் ஒழுங்காகச் செய்யாததாலும் ஒரு குழந்தை மதியத் தூக்கம் தூங்கி எழுகிறாள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கதைப்பின்னல் எனக்கு வராது.

8

அவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். புதுசு மாட்டப் போனபோது அவனே திரைக்காரம்மாவிடம் சொன்னது இது.

மறுநாள் வேலைக்குப் போனான். டீ இடைவேளையில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. “நேத்து என் பொண்ணு ரூம்ல நானே சுருக்குப் போட்டு வெச்சிருந்தேன். எனக்கே தெரியாம.”

முதலில் சிரித்தார்கள். “முடிச்சு, உன் கையை ஆபீஸ் லாக்கர்ல வெச்சிட்டுப் போ” என்றார் ஒருவர். “மாசக் கடைசியில வந்து வாங்கிக்க” என்றார் இன்னொருவர். அவனும் சிரித்தான். பிறகு முழுவதையும் சொன்னான். பேசிக்கொண்டிருந்தபோதே கட்டினதை, கட்டைவிரல் தடவினதை.

மூலையில் உட்கார்ந்திருந்த, எப்போதும் வம்புக்கு இழுக்கிற மூத்தவர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். போனை எடுத்து வெளியே போனார். கதவு வழியாக அவர் குரல் கேட்டது.

“மருமகளே, பையன் எங்க?... சரி. அவனைத் தூக்கிக்க. தூக்கிக்கிட்டியா? இப்ப ஹால் ஜன்னலுக்குப் போ. நான் ஞாயித்துக்கிழமை வந்தப்ப அந்தக் கயிறு ரெண்டையும்... ஆமா, நான்தான். வெட்டிடு. அவிழ்க்கப் பாக்காத, அவிழாது. வெட்டு.”

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பிரிவில் பதினாலு பேர் தங்கள் வீட்டு ஜன்னலைப் பார்க்கப் போனார்கள். எத்தனை வளையம் கிடைத்தது என்று திரைக்காரம்மா கேட்டிருக்கிறார். அவன் விரலைக் காட்டினானாம். எத்தனை விரல் என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

9

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் அவன் திரைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவருடைய கனமான பையைத் தெருமுனை வரை தூக்கிப்போய் வண்டியில் வைத்துவிட்டு, “அப்ப வரேன்க்கா” என்று திரும்பிவிட்டான். இன்னொன்றில் வாண்டு வளர்ந்து பெரியவளாகி இந்தக் கதையைப் படிக்கிறாள். அதற்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. அவள் அதை நிதானமாக வாழ்ந்து முடிக்கட்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன்.

மூன்றாவதை நான் பாதி எழுதிவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

மதியம் மூன்று மணி. அறையில் பெரியவர்கள் யாரும் இல்லை. புதிய பிளைண்ட்ஸ் இறக்கிவிடப்பட்டிருக்கிறது. அதில் இழுக்க ஒன்றும் இல்லை, அடிப்பட்டையைத் தள்ளினால் மேலே போகும். வாண்டு விழித்துக்கொள்கிறாள். கட்டிலிலிருந்து வயிற்றால் சறுக்கி இறங்குகிறாள். வெறுங்காலோடு ஜன்னலுக்குப் போகிறாள். தரைத்தளம், கண்ணாடி சாத்தித் தாழிட்டிருக்கிறது. பழைய இடத்தில் கையை நீட்டிப் பார்க்கிறாள். அங்கே எதுவும் இல்லை. சரி, போகட்டும். இரண்டு உள்ளங்கையாலும் அடிப்பட்டையைப் பிடித்துத் தள்ளுகிறாள். அது அவள் உயரத்துக்கு ஏறுகிறது. வெளியே தெருவில் எதையோ பார்த்துவிட்டுச் சத்தம்போட்டுச் சிரிக்கிறாள். அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

எதைப் பார்த்துச் சிரித்தாள்? அதை நான் எழுதப்போவதில்லை. என்னுடைய தெருவை எழுதி எழுதித் தேய்த்துவிட்டேன். உங்கள் வீட்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதுங்கள். மெதுவாகப் போங்கள், கையோடு அந்த ஜன்னலையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. நீங்கள் வரும்வரை அவள் அங்கேயே நிற்பாள், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு. மூக்குக்குக் கீழே கண்ணாடியில் கையளவு ஆவி படிந்திருக்கிறது. மறைகிறது. மறுபடி படிகிறது.